கோடு கற்ற மாணவர்

நுழையும்முன்

ஓவியம் பிறவியிலேயே வாய்க்கும் வரம் என்று பலரும் எண்ணுகின்றனர். கை பழகப் பழகவே கோடு வசப்படும் என்பதை ஓவியர்களின் வாழ்க்கை காட்டுகிறது. உலகம் போற்றும் ஓவியர் ஒருவர், மனித உருவத்தை வரையக் கற்றுக்கொள்ளும் மாணவராகப் பத்தாண்டுக் காலம் பட்ட பாட்டை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

உயிருருவைக் கண்டு வரைதல்

ஒருவரை நேரில் நிற்கவோ அமரவோ செய்து, அவரது உருவத்தைக் கண்டு வரைவது ஓவியக் கல்வியின் அடிப்படைப் பயிற்சியாகும். ஐரோப்பியக் கலைக்கழகங்கள் இப்பயிற்சிக்கு ஒரு படிமுறையை வகுத்திருந்தன. மாணவர் முதலில் அச்சிட்ட ஓவியங்களைப் பார்த்து வரைவார். அடுத்து, பழங்காலக் கிரேக்கச் சிற்பங்களின் பாரிஸ் சாந்துப் படிகளைப் பார்த்து வரைவார். இவ்விரண்டிலும் தேர்ந்தவரே உயிருள்ள மனிதரைப் பார்த்து வரையும் வகுப்பிற்குள் நுழைய முடியும்.

சாந்து உருவம் அசைவதில்லை, களைப்பதும் இல்லை. மனித உடலோ மூச்சு விடும். எடையை ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாற்றும். இடுப்பு ஒருபுறம் உயர்ந்தால் தோள் மறுபுறம் உயரும். எனவே, கண் காண்பதை உடனுக்குடன் கை பதிவு செய்ய வேண்டும். மாணவர் கையை நீட்டி, ஒரு கண்ணை மூடி, பென்சிலை அளவுகோலாகப் பிடித்துத் தலையின் உயரத்தை அளப்பார். உடல் முழுவதும் அத்தகைய எத்தனை தலைகளுக்குச் சமம் என்று கணக்கிடுவார். தூக்குக்குண்டு நூலைத் தொங்கவிட்டு, கழுத்துக்குழிக்கு நேர்கீழே எந்தக் கால் ஊன்றியிருக்கிறது என்று பார்ப்பார். கைக்கும் இடுப்பிற்கும் நடுவே உள்ள வெற்றிடத்தின் வடிவத்தையும் கவனிப்பார்.

இவற்றுள் கடினமானது நீட்டல் குறுக்கமாகும். பார்ப்பவரை நோக்கி நீட்டிய கை நீளமானது என்று அறிவு சொல்லும். அது குட்டையாகத் தெரிகிறது என்று கண் சொல்லும். அறிந்ததை விடுத்துக் கண்டதை வரையத் துணியும்போதுதான் மாணவர் உண்மையில் வரையத் தொடங்குகிறார்.

> தெரியுமா?
> இலண்டன் அரச கலைக்கழகம் 1768ஆம் ஆண்டு தோன்றியது. அதன் தொடக்ககால உறுப்பினர்களுள் அஞ்சலிகா காஃப்மன், மேரி மோசர் என்னும் பெண்கள் இருவரும் இருந்தனர். கலைக்கழக உறுப்பினர்கள் உயிருரு வகுப்பில் கூடியிருப்பதாக யோகான் சோஃபனி வரைந்த ஓவியத்தில் ஆண்கள் நேரில் காட்சி தருகின்றனர். அவ்விரு பெண்களோ சுவரில் தொங்கும் படங்களாக மட்டுமே இடம்பெற்றுள்ளனர். ஆடையற்ற மனித உருவைக் காணும் வகுப்பில் பெண்கள் இருத்தல் தகாது என்னும் அக்கால எண்ணமே இதற்குக் காரணம். உடலமைப்பைக் கற்கும் வாய்ப்பு மறுக்கப்பட்டதால், பெருங்காவிய நிகழ்வுகளைத் தீட்டும் வாய்ப்பையும் பெண்கள் நெடுங்காலம் இழந்தனர்.

இருபத்தேழு வயதில் தொடக்கம்

வின்சென்ட் வான் கோ 1853ஆம் ஆண்டு மார்ச் 30 அன்று நெதர்லாந்து நாட்டின் சுண்டெர்ட் என்னும் சிற்றூரில் பிறந்தார். பதினாறாம் வயதில் ஓவிய வணிக நிறுவனம் ஒன்றில் பணியில் சேர்ந்து, தி ஹேக், இலண்டன், பாரிஸ் ஆகிய நகரங்களில் பணியாற்றினார். அப்பணியை இழந்தபின் பெல்ஜியத்தின் நிலக்கரிச் சுரங்கப் பகுதியில் சமய ஊழியராகத் தொண்டு செய்தார். அப்பொறுப்பும் நிலைக்கவில்லை. பிழைக்க வழியின்றி நின்ற நிலையில், 1880ஆம் ஆண்டு, ஓவியராவது என்று முடிவு செய்தார். அப்போது அவருக்கு வயது இருபத்தேழு. கலைக்கழக மாணவர் பலர் படிப்பை முடித்து வெளியேறும் வயது அது.

சார்ல் பார்க் என்பவர் வெளியிட்டிருந்த ஓவியப் பயிற்சித் தாள்களை அவர் வரவழைத்தார். அவற்றுள் கரித்துண்டுப் பயிற்சிக்கென அமைந்த தாள்கள் மட்டும் அறுபது. சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பின் சிறிய அறையில் அமர்ந்து அத்தாள்களை ஒவ்வொன்றாகப் பார்த்து வரைந்தார். உடற்கூறு நூல்களைப் பெற்று எலும்புகளையும் தசைகளையும் வரைந்து பழகினார். பிறகு பிரஸ்ஸல்ஸ் சென்று அங்கிருந்த கலைக்கழகத்தில் பெயரைப் பதிவு செய்தார்.

அவருக்குத் துணை நின்றவர் தம்பி தியோ. ஓவிய வணிகத்தில் இருந்த தியோ, அண்ணனுக்குத் தொடர்ந்து பணம் அனுப்பினார். அண்ணனோ தம் முயற்சிகளையும் தடுமாற்றங்களையும் மடல்களில் எழுதினார். தம்பிக்கு எழுதியவற்றுள் அறுநூறுக்கும் மேற்பட்ட மடல்கள் இன்றும் கிடைக்கின்றன. ஒரு மாணவரின் கற்றல் வரலாற்றை இத்துணை நுணுக்கமாகக் காட்டும் ஆவணங்கள் அரியன.

சாந்துருவும் உயிருருவும்

1881ஆம் ஆண்டின் இறுதியில் தி ஹேக் நகருக்குச் சென்ற வான் கோ, தம் உறவினரும் புகழ்பெற்ற ஓவியருமான அந்தோன் மாவ் என்பவரிடம் பாடம் கேட்டார். மாவ் அன்புடன் வண்ணங்களைக் கையாளக் கற்பித்தார். எனினும், சாந்து உருவங்களைப் பார்த்து வரையுமாறு அவர் வற்புறுத்தியபோது மாணவர் உடன்படவில்லை. உழைக்கும் மனிதரின் உடல் எதிரே இருக்க, உயிரற்ற உருவத்தை வரைவது ஏன் என்பது அவரது வினா. வாதம் முற்றியது. அறைக்குத் திரும்பிய வான் கோ சாந்து உருவங்களை நிலக்கரித் தொட்டியில் வீசி உடைத்தார். ஆசிரியரின் நட்பும் சிறிது காலத்தில் முறிந்தது.

ஆசிரியர் இல்லாத மாணவருக்கு அந்நகரின் வறியவர்களே ஆசிரியர்களாயினர். முதியோர் இல்லத்தில் வாழ்ந்த முதியவர் ஒருவர் அவருக்காக நின்றும் அமர்ந்தும் உதவினார். ஸீன் என்னும் ஏழைப் பெண்ணும் அவருடைய குடும்பத்தாரும் உதவினர். முழங்கால்களில் முகம் புதைத்து அமர்ந்த ஸீனின் உருவமே ‘துயரம்’ என்னும் கோட்டோவியமாக 1882ஆம் ஆண்டு உருப்பெற்றது. அவ்வாண்டே, நாற்காலியில் அமர்ந்து இரு கைகளிலும் முகம் புதைத்த முதியவரையும் வரைந்தார்.

மாதிரியாக அமர்பவருக்குக் கூலி தர வேண்டும். உணவிற்கும் கூலிக்கும் சேர்த்துப் பணம் போதாத நாள்களில் அவர் கூலியையே முதலில் எண்ணினார். நிலக்காட்சிகளைத் துல்லியமாக வரைவதற்கு ஒரு சட்டத்தையும் செய்வித்தார். அதில் குறுக்கும் நெடுக்குமாகவும் மூலைவிட்டமாகவும் நூல்கள் இழுத்துக் கட்டப்பட்டிருந்தன. மணற்குன்றுகளில் அச்சட்டத்தைக் கழிகளில் பொருத்தி நிறுத்தி, நூல்களின் ஊடே தெரியும் காட்சியை அளவு பிசகாமல் தாளில் பதித்தார். விதிகளை வெறுத்தவர் என்று அவரைக் கருதுவோர் இச்செய்தியை எண்ணிப் பார்க்க வேண்டும். அளவை அவர் வெறுக்கவில்லை. தாமே தேடிச் சென்று கற்றார்.

பிழையா, உண்மையா?

பின்னர் நியூனென் என்னும் ஊரில் பெற்றோருடன் வாழ்ந்தபோது, உழவர்களின் முகங்களை அடுத்தடுத்துத் தீட்டினார். அப்பயிற்சியின் விளைவாக ‘உருளைக்கிழங்கு உண்போர்’ என்னும் ஓவியம் 1885ஆம் ஆண்டு உருவானது. அதன் கல்லச்சுப் படியைக் கண்ட ஓவிய நண்பர் அந்தோன் வான் ராப்பார்டு, உருவங்கள் சரியாக அமையவில்லை என்று கடுமையாக எழுதினார். ஐந்தாண்டுக்கால நட்பு அத்துடன் முடிவுக்கு வந்தது.

இக்கண்டனத்தை ஒட்டி வான் கோ தம் மடல்களில் ஆழ்ந்து சிந்தித்தார். கலைக்கழக முறைப்படி குற்றமற்ற உருவம், மண் வெட்டுவதுபோல் நிற்கும். ஆனால் மண்ணை வெட்டாது. வெட்டுபவரின் உடலில் உழைப்பு தெரிய வேண்டும் என்பதே அவரது கருத்து. வரையும் முறையிலும் அவருக்குத் தெளிவு பிறந்தது. புறக்கோட்டை முதலில் வரைந்து பிறகு உள்ளே நிரப்புவதைவிட, உடலின் திரட்சியை முதலில் பிடித்து, உள்ளிருந்து வெளிநோக்கி உருவத்தை வளர்ப்பதே நன்று என்று அவர் கருதினார்.

இக்கொள்கையே அவரை அடுத்த மோதலுக்கு இட்டுச் சென்றது.

ஆண்ட்வெர்ப் வகுப்பறை

நியூனென் ஊர் மக்கள் அவருக்கு மாதிரியாக அமரத் தயங்கத் தொடங்கினர். உருவம் வரைய மனிதர் வேண்டுமே என்னும் தேவை அவரைப் பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் நகருக்கு அழைத்துச் சென்றது. 1886ஆம் ஆண்டு சனவரியில் அந்நகரக் கலைக்கழகத்தில் சேர்ந்தார். பகலில் வகுப்பு; இரவில் ஓவியர் சங்கங்களில் உயிருரு வரையும் பயிற்சி. சூடான உணவு உண்ட நாள்களை விரல்விட்டு எண்ணிவிடலாம் என்னும் நிலை. பற்கள் சிதைந்தன, உடல் நலிந்தது.

தாம் முன்பு உடைத்தெறிந்த அதே வகைச் சாந்து உருவங்கள் இவ்வகுப்பில் மீண்டும் அவரெதிரே நின்றன. இம்முறை அவர் மறுக்கவில்லை. பழங்காலச் சிற்பிகள் உடலை எவ்வளவு நுட்பமாக உணர்ந்திருந்தனர் என்று வியந்து தம்பிக்கு எழுதினார். எனினும், அவரது கை கற்றிருந்த மொழி வேறு. ஆசிரியர் யூஜின் சிபெர்ட் முதலில் தூய புறக்கோட்டை எதிர்பார்த்தார். மாணவரோ திரட்சியை அழுத்தமாகப் பிடித்தார். வீனஸ் சிற்பத்தை வரையச் சொன்னபோது வான் கோ அதனை அகன்ற இடுப்புடைய உழவர் குலப் பெண்ணாக வரைந்தார் என்றும், ஆசிரியர் திருத்திய வேகத்தில் தாள் கிழிந்தது என்றும், குழந்தையைச் சுமக்கும் பெண்ணிற்கு இடுப்பு வேண்டாமா என்று மாணவர் வெகுண்டார் என்றும் உடன் பயின்ற ஒருவர் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார்.

வகுப்புத் தேர்வின் முடிவு வந்தது. அவரைத் தொடக்கநிலை வகுப்பிற்கு இறக்க வேண்டும் என்று கலைக்கழகம் தீர்மானித்தது. அம்முடிவு வெளிவரும்முன்பே அவர் பாரிஸ் சென்றுவிட்டார்.

தனித்து நின்ற பயிற்சி

பாரிஸில் பெர்னாந்து கோர்மோன் என்பவரின் ஓவியக் கூடத்தில் சில மாதங்கள் பயின்றார். தூலூஸ் லோத்ரெக், எமில் பெர்னார்டு முதலிய இளம் ஓவியர்கள் அங்கு அவருக்கு அறிமுகமாயினர். மாணவர்கள் சென்றபின் கூடத்தில் தனியே அமர்ந்து சாந்து உருவத்தை வரைந்துகொண்டிருந்த வான் கோவைப் பெர்னார்டு பின்னாளில் நினைவுகூர்ந்துள்ளார். அழித்து அழித்துத் திருத்தியதில் தாளில் ஓட்டை விழுந்ததாம்.

ஆண்ட்வெர்ப்பில் ஆசிரியரின் திருத்தத்தில் தாள் கிழிந்தது. பாரிஸில் மாணவரின் சொந்தத் திருத்தத்திலேயே தாள் ஓட்டையாயிற்று. பிறர் கண்டிப்பைத் தாங்காதவர் தம்மைத் தாமே அதைவிடக் கடுமையாகக் கண்டித்துக்கொண்டார் என்பது இதனால் விளங்கும்.

மீண்டும் அறுபது தாள்கள்

1889ஆம் ஆண்டு ‘விண்மீன் இரவு’ என்னும் ஓவியத்தைத் தீட்டினார். 1882ஆம் ஆண்டு வரைந்த முதியவரின் உருவத்தை 1890ஆம் ஆண்டு மீண்டும் எடுத்து, வண்ண ஓவியமாக்கினார். நீல உடையணிந்து முகம் புதைத்து அமர்ந்த அம்முதியவர், உயிருரு வரைந்து பழகிய நாள்களின் உழைப்பு வீணாகவில்லை என்பதற்குச் சான்றாவார்.

அவ்வாண்டின் கோடைக்காலத்தில் அவர் தம்பியிடம் ஒன்று கேட்டார். பத்தாண்டுகளுக்குமுன் சுரங்கப் பகுதியில் வரைந்து பழகிய பார்க்கின் கரித்துண்டுப் பயிற்சித் தாள்களே அவை. அறுபது தாள்களையும் ஒரு மாத அளவில் மீண்டும் வரைந்துவிடலாம் என்பது அவர் திட்டம். அளவையும் உருவமைப்பையும் தொடர்ந்து பயிலாவிடில் பின்தங்கிவிடுவோம் என்று அவர் அஞ்சினார். 1890ஆம் ஆண்டு சூலை 29 அன்று, முப்பத்தேழாம் வயதில் அவர் மறைந்தார்.

தேர்வில் கீழிறக்கப்பட்ட மாணவர் உலகப் புகழ் பெற்றார் என்பதனால் பயிற்சி தேவையற்றது என்று கொள்ளலாகாது. அவரை எதிர்த்த ஆசிரியர்கள் முற்றிலும் தவறியவர்கள் என்றும் சொல்லலாகாது. அவர்கள் வற்புறுத்திய பயிற்சியை அவரே பின்னர் விரும்பி மேற்கொண்டார். ஒருவர் எவ்வளவு கற்றிருக்கிறார் என்பதை ஒரு தேர்வு ஓரளவிற்கே காட்டும். இன்னும் எவ்வளவு கற்க விரும்புகிறார் என்பதை அவரது அன்றாட உழைப்பே காட்டும்.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் வகுப்பு நண்பரைப் பத்து நிமிடம் அசையாது அமரச் செய்து, பென்சிலால் அளந்து அவரது உருவத்தை வரைக. நீங்கள் அறிந்ததற்கும் கண்டதற்கும் இடையே இருந்த வேறுபாடுகளைக் குறிப்பிடுக.
2. ‘விதிகளைக் கற்றபின்பே அவற்றை மீற வேண்டும்’ என்னும் பொருளில் வகுப்பில் சொற்போர் நிகழ்த்துக.

குறுவினா: நீட்டல் குறுக்கம் மாணவருக்குக் கடினமாவது ஏன்?

சிறுவினா: வான் கோவின் உருவம் வரையும் முறை ஆண்ட்வெர்ப் ஆசிரியரின் முறையிலிருந்து எவ்வாறு வேறுபட்டது?

நெடுவினா: சாந்து உருவங்கள் குறித்த வான் கோவின் மனநிலை காலப்போக்கில் மாறியதைப் பாடப்பகுதி கொண்டு விளக்குக.