வள்ளத்திற்கு இயந்திரம் தெரிதல்

குறிகட்டுவானில் நெடுந்தீவு வள்ளம் ஏறும் மாணவர், “எத்தனை குதிரைவலு?” என்று வினவுவர். அது பாதி வினாவே.

நிமிடத்திற்கு 2000 முறை சுழலும் டீசல் இயந்திரத்தோடு சுழல்விசிறியை நேரே பிணைத்தால், பாரவள்ளத்தில் வலுவின் பெரும்பங்கு நுரையாய்க் கழியும். 2:1 வீதமுடைய பற்சில்லுப் பெட்டியை இடையே பூட்டினால் விசிறி 1000 முறை சுழலும். முறுக்குவிசை ஏறத்தாழ இருமடங்காகும். அகன்ற விசிறியும் பொருத்தலாம். ஆயின் நம் தீவகக் கடல் ஆழங்குறைந்தது. விசிறி மிக அகன்றால் அடியிற் கல் தட்டும். ஆதலின் விசிறியின் அளவை முதலில் துணிந்து, அதற்கேற்பப் பெட்டியையும் இயந்திரத்தையும் ஒருங்கே தெரிக.

கால் மைற் பந்தயக் காரின் இயந்திரம் சில விநாடிகளே முழுவலுவில் உழைக்கும். வள்ளத்தினதோ கரை காணும்வரை ஓயாது உழைக்கும். காரிற் கழற்றியதைப் பூட்டிவிட்டுக் குதிரைவலுவை எண்ணி மகிழ்வோர் இதனை மறப்பர். சோளகக் காற்றில், நடுக்கடலில் அது நின்றுவிடின் வள்ளம் அலைக்குக் குறுக்கே திரும்பும். உள்ளிருப்போர் ஆசிரியரும் நோயாளரும் நம் பிள்ளைகளுமே.