சிறு பிராணிகளின் வியாதிகளும் உடையவர் கடமையும்

உழவு மாடோ கறவைப் பசுவோ தீனி எடுக்காவிட்டால் குடியானவர் அன்றைக்கே வைத்தியரைத் தேடிச் செல்லுகின்றனர். ஆடு, கோழி, காவல் நாய் முதலிய சிறு பிராணிகள் நோயுற்றாலோ, "நாளைக்குப் பார்ப்போம்" என்று விட்டுவிடுவதே வழக்கமாயிருக்கிறது. கள்ளக்குறிச்சி ஜில்லாவின் சமவெளிக் கிராமங்களிலும், கல்வராயன் மலையில் வெள்ளிமலை, கரியாலூர் முதலிய ஊர்களைச் சுற்றியுள்ள குடியிருப்புகளிலும், ஏழைக் குடும்பத்தின் அவசரச் செலவுக்கு உதவுவது ஆடே. தினச் செலவுக்கு உதவுவது கோழியே. அவை இறந்தால் நஷ்டம் பெரிது. நாயைக் கவனியாது விட்டால் சில சமயங்களில் மனித உயிருக்கே சேதம் நேரிடுகிறது.

கால்நடை வைத்தியசாலைக்கு வரும் பிராணி வாய்திறந்து பேசாது. ஆதலால் வைத்தியர் முதலில் உடையவரையே மூன்று கேள்விகள் கேட்கிறார். பிராணி என்ன தின்றது? எப்பொழுது முதல் நோய் கண்டது? வீட்டில் என்ன கொடுக்கப்பட்டது? இம்மூன்றுக்கும் உண்மையான விடை கிடைத்தால் சிகிச்சையில் பாதி முடிந்தது எனலாம். வெட்கத்தினாலோ அச்சத்தினாலோ ஒன்றை மறைத்தால் மருந்தும் வீண், காலமும் வீண். இப்பகுதியில் அடிக்கடி காணும் சில வியாதிகளைக் கொண்டு இவ்வுண்மை கீழே விளக்கப்படுகிறது.

1. மரவள்ளி விஷம்

மலையிலும் அடிவாரத்திலும் மரவள்ளி மிகுதியாகப் பயிராகிறது. கிழங்கு பிடுங்கும் காலத்தில் பச்சைத் தழை வயலெங்கும் குவிந்து கிடக்கும். பசியோடு வரும் ஆடுகள் அதை ஆவலாய்த் தின்கின்றன. மரவள்ளியின் இலையிலும் கிழங்கின் தோலிலும் லினமரின் என்னும் பொருள் உண்டு. இலை மெல்லப்பட்டு நசுங்கும்போதும், வயிற்றில் ஊறும்போதும், அதிலிருந்து ஹைட்ரோசயனிக் அமிலம் என்ற கொடிய விஷம் பிரிகிறது. இவ்விஷம் கலந்தபின் ரத்தத்தில் பிராணவாயு இருந்தும் தேகத்தின் உறுப்புகள் அதை உபயோகிக்க இயலாமற் போகின்றன. ஆகையால்தான் ஆடு மூச்சுத் திணறும்போதும் அதன் ஈறுகள் முதலில் நல்ல சிவப்பாகவே தோன்றும்.

ஆடு தள்ளாடும், வாயில் நுரை தள்ளும், கீழே விழுந்து கால்களை உதைக்கும். அதிகம் தின்ற ஆடு சில நிமிஷங்களிலேயே இறந்துவிடலாம். பாம்பு தீண்டிற்று என்றும், கண்ணேறு என்றும் எண்ணி மந்திரிப்பவரைத் தேடுவதில் நேரம் கழிந்துவிடுகிறது. இதற்கு மாற்று மருந்து உண்டு. சோடியம் நைட்ரைட், சோடியம் தயோசல்பேட் என்ற இரண்டையும் வைத்தியர் ரத்தக்குழாய் வழியே செலுத்துவார். காலத்தில் கொண்டுவரப்பட்ட ஆடு எழுந்து நிற்பதும் உண்டு. "மரவள்ளித் தழை தின்றது" என்ற ஒரே சொல் இங்கே வைத்தியருக்கு வழிகாட்டுகிறது. பிறர் வயலில் மேய்ந்ததைச் சொன்னால் வழக்கு வரும் என்று அஞ்சி அதை மறைப்பவர் தம் ஆட்டைத் தாமே இழக்கின்றார்.

தடுக்கும் முறை எளிது. தழையையும் தோலையும் சிறு துண்டுகளாக நறுக்கி, இரண்டு மூன்று நாட்கள் நல்ல வெயிலில் பரப்பி உலர்த்தினால் விஷத்தின் பெரும்பகுதி ஆவியாய் நீங்கும். அதன்பின் மற்றத் தீவனத்தோடு சிறிது சிறிதாகக் கலந்து கொடுக்கலாம். மழையின்றி வாடிக் குன்றிய இளஞ்சோளமும், அறுத்தபின் தழைக்கும் சோளத் துளிரும் இதே விஷத்தை உடையன. சோளம் பூக்கும் வரையில் அதில் ஆடுமாடுகளை விடலாகாது.

2. தானியம் மிகுதியாய்த் தின்றல்

மக்காச்சோளம் களத்தில் காயும் நாட்களிலும், கலியாண வீடுகளில் சோறு மிஞ்சும் நாட்களிலும் இவ்வியாதி மிகுதி. ஆட்டின் பெருவயிறு தழையையும் புல்லையும் செரிக்க அமைந்தது. தானியமோ சோறோ திடீரென்று நிரம்பினால் அங்கே புளிப்பு உண்டாகி, அமிலம் பெருகி, ரத்தத்திலும் கலக்கிறது. ஆடு அசைபோடுவதை நிறுத்தும்; பல்லைக் கடிக்கும்; புளிநாற்றத்துடன் கழியும்; பின் படுத்துவிடும்.

தொடக்கத்திலேயே கண்டால், 20 கிலோ எடையுள்ள ஆட்டிற்குச் சுமார் 20 கிராம் சமையல் சோடாவை நீரில் கரைத்துப் புகட்டிவிட்டு, உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். புகட்டும்போது தலையை அண்ணாந்து பிடித்தல் பெரும் பிழை. மருந்து நுரையீரலுக்குள் சென்றால் முதல் நோய் தீர்ந்தும் ஆடு பிழையாது. மூக்கு கண்ணின் மட்டத்திற்கு மேல் போகாதபடி பிடித்து, கடைவாயில் சிறிது சிறிதாக ஊற்றுக. ஆடு இருமினால் உடனே தலையைத் தாழ விடுக.

3. ஆட்டுக்கொல்லி நோய்

இந்நோயின் சரித்திரம் இந்த வட்டாரத்தோடு சேர்ந்தது. ஆப்பிரிக்காவின் ஐவரி கோஸ்ட் நாட்டில் 1942-ல் முதன்முதல் விவரிக்கப்பட்ட இந்நோய், இந்தியாவில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது 1987-ல் அரசூரிலேயாம். உளுந்தூர்ப்பேட்டைக்கும் விழுப்புரத்திற்கும் இடையே உள்ள அவ்வூரும், கள்ளக்குறிச்சியும் அக்காலத்தில் ஒரே தென்னாற்காடு ஜில்லாவைச் சேர்ந்தவை. மாடுகளைக் கொன்று வந்த வெக்கை நோயை இது பெரிதும் ஒத்திருப்பதால், ஆடுகளிடம் கண்டதையும் வெக்கை என்றே முன்னர் எண்ணி வந்தனர். அரசூரில் எடுக்கப்பட்ட நோய்க்கிருமியை வலுக்குறைத்தே, தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தார் தடுப்பு மருந்தொன்றைத் தயாரித்தனர். நோய் கண்ட ஊரே மருந்துக்கும் பெயர் தந்தது.

கடுஞ்ஜுரம், கண்ணிலும் மூக்கிலும் நீர் வடிந்து பின் சீழாதல், வாய்ப்புண், கழிச்சல், இருமல் ஆகியவை அடையாளங்கள். கிருமியைக் கொல்லும் மருந்து கிடையாது. உடன்சேரும் வியாதிகளுக்கே சிகிச்சை செய்ய இயலும். ஆனால் நான்கு மாதம் நிறைந்த குட்டிக்கு ஒருமுறை போடும் தடுப்பூசி மூன்றாண்டுகளுக்குக் குறையாமல் காக்கிறது. சந்தையில் வாங்கிய ஆட்டை அன்றே மந்தையில் சேர்ப்பதால்தான் நோய் ஊருக்குள் நுழைகிறது. புதிய ஆட்டை மூன்று வாரம் தனியே கட்டிப் பார்த்தபின் சேர்த்தல் வேண்டும்.

இவ்வாறு ஊசி போடுவதனால் என்ன பயன் என்று கேட்பவர்க்கு வெக்கை நோயே விடை. ஊர் ஊராய் மாடுகளை வாரிக்கொண்டு போன அந்நோய் இடைவிடாத தடுப்பூசியினாலும் கண்காணிப்பினாலும் ஒழிந்தது. 2011-ல் உலகம் முழுவதும் அதினின்றும் விடுபட்டதாக அறிவிக்கப்பட்டது.

4. கோழிக் கழிச்சலும் குடற்புழுவும்

வெள்ளைக் கழிச்சல் என்று வழங்கும் கோழி நோய்க்கு, அது கண்ட குமாயூன் மலையூரின் பெயரால் இராணிக்கேத் நோய் என்றும் பெயர். பச்சையும் வெள்ளையுமாகக் கழிதல், கழுத்துத் திருகுதல், கூட்டமாய் மடிதல் இதன் குறிகள். நோய் வந்தபின் மருந்தில்லை. குஞ்சு பொரித்த முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு மருந்தும், எட்டாம் வாரத்தில் ஊசியும் போடுவதே காப்பு. 1932-ல் இராணிப்பேட்டையில் ஏற்பட்ட நிலையம் இத்தகைய தடுப்பு மருந்துகளைத் தயாரித்து வருகிறது.

ஆடு மெலிந்து, கீழ்த்தாடையின் அடியில் நீர் கோத்து வீங்கினால், அது பெரும்பாலும் ரத்தம் உறிஞ்சும் குடற்புழுவின் வேலை. கண்ணின் கீழிமையைச் சற்றே விலக்கிப் பார்க்க. சிவந்திருந்தால் நலம், காகிதம் போல் வெளுத்திருந்தால் தாமதியாது மருந்து கொடுக்க வேண்டும்.

5. நாயின் உண்ணியும் வயல் மருந்தும்

உண்ணியை ஒழிப்பதற்காகப் பயிருக்குத் தெளிக்கும் பூச்சிமருந்தை நாயின் மேல் பூசுவோர் பலர். சில மணி நேரத்தில் நாய்க்கு எச்சில் ஒழுகும், தசை துடிக்கும், கண்மணி ஊசிமுனை போல் சுருங்கும். உடையவர் "ஏதோ தின்றுவிட்டது" என்றே கூறுவார். மருந்து பூசியதை அவர் சொன்னால், கையுறையிட்டு நாயைச் சோப்பும் நீரும் கொண்டு கழுவி, அட்ரோபின் என்னும் மாற்று மருந்தை உடனே செலுத்தலாம். பூசிய மருந்தின் புட்டியையும் உடன் கொண்டுவருதல் நன்று.

உண்ணியை அலட்சியம் செய்வதும் தகாது. அதன் கடியால் பரவும் ஜுரத்தில் நாய்க்கு ஈறு வெளுத்து மூக்கில் ரத்தம் வரும். பெண் உண்ணி சுவர் வெடிப்புகளில் ஆயிரக்கணக்கான முட்டைகளை இடுகிறது. ஆதலால் நாய்க்கு வைத்தியம் செய்து, நாய் படுக்கும் இடத்தின் வெடிப்புகளைப் பூசாது விட்டால் பயனில்லை.

6. வெறிநோய்

மேலே கூறியவற்றில் தவறினால் பொருள் நஷ்டம். இதில் தவறினால் மனித உயிர் போம்.

வெறிநாய் என்றால் ஓடி ஓடிக் கடிக்கும் என்றே யாவரும் நினைக்கின்றனர். மற்றொரு வகை உண்டு. அதுவே அதிகம் ஏமாற்றுவது. நாய் ஓரிடத்தில் ஒடுங்கிக் கிடக்கும், கீழ்த்தாடை தொங்கும், எச்சில் வடியும், குரல் மாறும், நீரை விழுங்க மாட்டாது. தொண்டையில் எலும்பு சிக்கியதென்று எண்ணி, அன்புள்ள உடையவர் வாய்க்குள் கையை விடுகிறார். மாட்டுக்கு இந்நோய் வந்தாலும் ஏதோ அடைத்ததென்றே கருதிக் கைவிட்டுப் பார்க்கின்றனர். கையிலுள்ள சிறு கீறலே நோய்க்கு வாசலாகும். காரணம் தெரியாமல் எச்சில் ஒழுக்கும் பிராணியின் வாயில் எக்காரணத்தாலும் கையிடலாகாது. அதைக் கட்டி வைத்து வைத்தியருக்குச் சொல்லியனுப்புக.

கிருமி நரம்பின் வழியே மெல்ல மெல்ல மூளையை நோக்கிச் செல்லுகிறது. மூளையை அடைந்து நோய்க்குறி தோன்றியபின் மனிதரைப் பிழைப்பிக்க வல்ல சிகிச்சை இல்லை. கடிபட்டதற்கும் குறி தோன்றுவதற்கும் இடையிலுள்ள நாட்களே நமக்குக் கிடைத்த அவகாசம். எனவே கடித்தாலும், பிறாண்டினாலும், புண்ணில் நக்கினாலும் உடனே செய்ய வேண்டியது யாதெனில்:

காயத்தைச் சோப்பிட்டு, ஓடும் நீரில் 15 நிமிஷம் கழுவுக. மிளகாய், மஞ்சள், சுண்ணாம்பு, எண்ணெய் ஒன்றும் வைக்கலாகாது. அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்திற்கோ அரசாங்க ஆஸ்பத்திரிக்கோ செல்க. அங்கே தடுப்பூசி இலவசம். தோலில் போடும் முறையில் முதல் ஊசிக்குப்பின் 3, 7, 28 ஆம் நாட்களில் தவறாது சென்று முடிக்க வேண்டும். ரத்தம் வரக் கடித்திருந்தால் காயத்திலேயே செலுத்தும் வேறொரு மருந்தும் அவசியம். கடித்த நாயைக் கொல்லாது பத்து நாள் கட்டிவைத்துக் கவனிக்க. ஆனால் அந்தப் பத்து நாள் முடியட்டும் என்று ஊசியைத் தள்ளிப்போடலாகாது.

1885-ல் பாரிஸ் நகரில் பாஸ்டர் என்பவர் இந்தத் தடுப்பூசியை முதன்முதல் ஒரு சிறுவனுக்குப் போட்டார். 1907-ல் குன்னூரில் பாஸ்டர் நிலையம் ஏற்பட்டபோது, கடிபட்டவர்கள் நெடுந்தூரம் பயணம் செய்து அம்மலைக்குச் செல்ல வேண்டியிருந்தது. வயிற்றில் பல ஊசிகள் போட்ட பழைய மருந்தும் 2004-ஆம் ஆண்டோடு இந்தியாவில் தயாரிப்பு நின்று, வலி குறைந்த புதிய மருந்து வழக்கத்திற்கு வந்தது. மருந்து இவ்வளவு அருகில் வந்தபின்னும் வேர் கட்டிக்கொண்டு வீட்டிலிருப்பது அறியாமையே.

நாய்க்கு மூன்றாம் மாதத்தில் ஊசி போட்டு, ஆண்டுதோறும் தொடர்க. ஊரிலுள்ள நாய்களில் நூற்றுக்கு எழுபதுக்கு ஊசி போட்டால் நோய் பரவும் சங்கிலி அறுந்துவிடும் என்பது அனுபவத்தால் கண்டது.

கிராம அதிகாரிகள் கவனிக்க வேண்டியவை

தடுப்பூசி முகாம் நடக்கும் நாளைத் தண்டோரா மூலம் முன்னரே அறிவித்தல், ஆடுகளோ கோழிகளோ கூட்டமாய் மடிந்தால் அன்றே கால்நடை வைத்தியசாலைக்குத் தெரிவித்தல், இறந்தவற்றை ஓடையில் எறியவிடாது ஆறடிக் குழியில் சுண்ணாம்பிட்டுப் புதைப்பித்தல் ஆகியவை அவர்கள் பொறுப்பு. பிராணியைத் தூக்கிவர இயலாத மலைக் குடியிருப்பினர் 1962 என்ற எண்ணில் பேசினால் நடமாடும் கால்நடை வைத்திய வண்டியின் உதவியைப் பெறலாம். அவ்வெண்ணை ஊர்ச்சாவடிச் சுவரில் பெரிதாய் எழுதிவைத்தல் நலம்.

பிராணிக்கு நோய் கண்டவுடன் வருதலும், நடந்ததை உள்ளபடி கூறுதலும் காசு செலவில்லாத காரியங்கள். இவ்விரண்டையும் கைக்கொள்ளும் கிராமத்தில் ஆடும் கோழியும் பெருகும். நாய்க்கடியால் ஒருவரும் மாளார்.