ஜூனில் உறைந்த விரல், ஆகஸ்டில் முடிந்த வேலை

கேள்வி: என் மகன் டல்லாஸில் பிறந்து வளர்ந்தவன். மூன்று வருடமாக அலாஸ்காவின் டெனாலி தேசியப் பூங்காவில் மலையேற்ற ரேஞ்சராகப் போகிறான். ஏப்ரலில் போனால் ஆகஸ்டில்தான் திரும்புவான். இந்த ஜூனில் 14,200 அடி முகாமுக்கு மேலே, நடக்க முடியாமல் கிடந்த ஒருவரைக் கயிறு கட்டி இறக்கும்போது கையுறை கழன்று, இடது மோதிர விரல் உறைந்துவிட்டது. அன்றே மேலாளரிடம் ரேடியோவில் சொல்லியிருக்கிறான். எழுத்தில் எதுவும் கொடுக்கவில்லை. ஊர் திரும்பியபின் செப்டம்பரில் விரல்நுனியை முதல் கணுவோடு எடுத்துவிட்டார்கள். "சீசன் வேலைதானே, கான்ட்ராக்ட் முடிந்தது, ஒன்றும் தேறாது" என்கிறார் தெரிந்தவர் ஒருவர். மகனும் "விடுங்கப்பா" என்கிறான். விட்டுவிடலாமா? இந்த வேலை எப்போதாவது நிரந்தரமாகுமா?

— டல்லாஸ் வாசகர்

பதில்: விட்டுவிடாதீர்கள் ஐயா. உங்களுக்குத் தெரிந்தவர் முதல் சொல்லிலேயே தவறிவிட்டார். உங்கள் மகன் கான்ட்ராக்ட் ஆள் இல்லை. தற்காலிக நியமனத்தில் இருந்த மத்திய அரசு ஊழியர். 1916-இல் வந்த மத்திய ஊழியர் இழப்பீட்டுச் சட்டம் நிரந்தரம், தற்காலிகம் என்று பிரித்துப் பார்ப்பதில்லை. ரேஞ்சர்களோடு அதே மலையில் ரோந்து போகிற சம்பளமில்லாத தன்னார்வலர்களுக்கும் அது பொருந்தும். உங்கள் மகனுக்கு மட்டும் எப்படி இல்லாமல் போகும்?

இழந்தது ஒன்று உண்டு. காயம்பட்ட 30 நாளுக்குள் சிஏ-1 படிவம் கொடுத்திருந்தால், 45 நாள் வரை வழக்கமான சம்பளமே தொடர்ந்திருக்கும். அதுகூட, முன்பே குறித்த தேதியில் நியமனம் முடிந்தால் அன்றோடு நின்றிருக்கும். ஆகவே பெரிய நஷ்டமில்லை. இழப்பீடு கேட்க மூன்று ஆண்டு அவகாசம் இருக்கிறது. மேலாளருக்கு அன்றே ரேடியோவில் சொன்னது இங்கே பொன்னான சாட்சி. அவருக்கு 30 நாளுக்குள் நேரடியாகத் தெரிந்திருந்தால் அந்த மூன்று ஆண்டுக் கெடுகூட இடைஞ்சல் செய்யாது. ரேடியோப் பதிவேடு, மீட்பு அறிக்கை, கூட இருந்தவர்களின் வாக்குமூலம் எல்லாவற்றையும் இப்போதே கேட்டு வாங்கச் சொல்லுங்கள். மலை ரோந்துக் குழுக்கள் சீசன் முடிந்ததும் திசைக்கு ஒருவராகக் கலைந்துவிடும்.

ஒரே பணிநேரத்துக்குள் நடந்த காயம் என்பதால் சிஏ-1 தான் சரி. பல நாள் குளிரில் மெல்ல மெல்ல வந்திருந்தால் சிஏ-2. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு மாதக்கணக்கில் அலைபவர்கள் உண்டு. இன்னொன்று, முடிவெடுப்பது பூங்கா நிர்வாகம் அல்ல, தொழிலாளர் துறை. மேலதிகாரி தலையாட்டினாலும் ஆட்டாவிட்டாலும் விண்ணப்பம் அங்கே போயாக வேண்டும்.

என்ன கிடைக்கும்? மருத்துவச் செலவு. வேலை செய்ய முடியாத நாட்களுக்குச் சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்கு. சார்ந்திருப்போர் இருந்தால் நான்கில் மூன்று. விரலுக்குத் தனிக் கணக்கு. சட்டமே பட்டியல் போட்டிருக்கிறது: மோதிர விரல் முழுதாகப் போனால் 25 வாரச் சம்பளத்தில் மேலே சொன்ன பங்கு, முதல் கணு மட்டும் போனால் அதில் பாதி, அதாவது பன்னிரண்டரை வாரம். விரலுக்கு விலை வைப்பதைப் படிக்கும்போது எனக்கே ஒரு மாதிரி இருக்கும். ஆனால் புண் ஆறி, இனி மாற்றமில்லை என்று மருத்துவர் எழுதியபின், உங்கள் மகன் வேறு வேலையில் சம்பாதித்துக்கொண்டிருந்தாலும் இந்தத் தொகை உண்டு.

சீசன் ஊழியரின் ஆண்டு வருமானத்தைக் கணக்கிடும்போது மற்ற வேலைகளில் ஈட்டியதையும் கவனத்தில் கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. குளிர்காலத்தில் அவர் பனிச்சறுக்கு ரோந்து போன்ற வேலை பார்ப்பவரென்றால் அந்தச் சம்பளச் சீட்டுகளையும் இணையுங்கள். ஓர் எச்சரிக்கை: "வேலை செய்யத் தயார்" என்று எழுதி வேலையின்மை உதவித்தொகை வாங்கிக்கொண்டு, அதே வாரங்களுக்கு "வேலை செய்ய முடியவில்லை" என்று இழப்பீட்டு விண்ணப்பத்தில் எழுத வேண்டாம்.

அலட்சியம் என்று அரசின் மேல் தனி வழக்குப் போட முடியுமா என்று அடுத்துக் கேட்பீர்கள். முடியாது, இந்தச் சட்டம் அந்தக் கதவை அடைத்துவிட்டது.

நிரந்தரம் பற்றி. பொது விதிப்படி, ஆண்டுக்கு 1,040 மணி நேரத்துக்குள் நிறுத்தினால்தான் அதே ஆளை மறுபோட்டி இல்லாமல் அடுத்த சீசனுக்கும் எடுக்கலாம். சீசன் ஆட்களை ஆண்டு முழுதும் வைத்துக்கொள்ளாததில் அந்தக் கணக்கும் உண்டு. 2015-இல் வந்த ஒரு சட்டம் இதில் சிறு வழி திறந்தது: போட்டி முறையில் தேர்வாகி, நில நிர்வாகத் துறைகளில் மொத்தம் 24 மாதத்துக்கு மேல், இரண்டு ஆண்டு இடைவெளி விழாமல், குறையில்லாமல் வேலை பார்த்தவர், உள்ளிருப்போருக்கான நிரந்தரப் பதவிகளுக்கும் போட்டியிடலாம். போட்டியிடத்தான் உரிமை, வேலைக்கு அல்ல. வனத்துறை போன்ற பிற துறைகளில் பார்த்த மாதங்களும் சேரும். தன்னார்வச் சேவை சேராது. சீசனுக்கு ஐந்து மாதம் என்றால் உங்கள் மகனுக்கு இதுவரை பதினைந்துதான் ஆகிறது. ஒவ்வொரு சீசனிலும் வந்த நியமன, விடுவிப்பு ஆணைகளை, எஸ்எஃப்-50 என்பார்கள், ஒரே கோப்பில் போட்டு வைக்கச் சொல்லுங்கள்.