கட்டணம் கேட்காத வைத்தியசாலைகள்

நோயாளியைக் கண்டு நலம் விசாரிப்பது ஒரு முஸ்லிமின் மீது மற்ற முஸ்லிமுக்குள்ள ஹக்குகளில் ஒன்று என்று நாம் மக்தபிலேயே ஓதியிருக்கிறோம். விசாரித்து, துஆச் செய்துவிட்டு எழுந்து வந்து விடுகிறோம். தலைமாட்டில் கிடந்த சீட்டுக்கு மருந்து வாங்க அவர் கையில் காசு இருந்ததா என்று விசாரித்தோமா? வைத்தியம் செய்து கொள்ளும்படி கண்மணி நாயகம் (ஸல்) அவர்கள் ஏவியிருக்கும்போது, மருந்து எட்டாதவருக்கு அதை எட்டச் செய்வதும் அந்த ஏவலைச் சேர்ந்ததே என்பது நமது எண்ணம்.

இதற்கு உதாரணமாக, அமெரிக்காவில் நடைபெற்று வரும் இலவச வைத்தியசாலைகளை எடுத்து ஆராய்வோம். “செல்வம் கொழிக்கும் அந்நாட்டிலுமா காசில்லாத நோயாளி?” என்று வாசகர்கள் கேட்கக் கூடும். உண்டு, கோடிக்கணக்கில் உண்டு.

அரசாங்க ஆஸ்பத்திரியில் வரிசையில் நின்று சும்மா மருந்து வாங்கி வரும் வழக்கத்தை மனத்தில் வைத்துப் பார்த்தால் அந்நாட்டு நிலை விளங்காது. அங்கே பெரும்பாலோருக்கு வைத்தியச் செலவை ஏற்பது இன்ஷூரன்ஸ். அதுவும் வேலை கொடுக்கும் முதலாளியின் வழியாகவே பலருக்கும் கிடைக்கிறது. 1965-ல் இயற்றப்பட்ட சட்டத்தால், 65 வயதைக் கடந்தவர்களுக்கு ‘மெடிகேர்’ என்றும் ஏழைகளில் சில வகையினருக்கு ‘மெடிகெய்ட்’ என்றும் இரு திட்டங்கள் ஏற்பட்டன. இவ்விரண்டுக்கும் நடுவே விழுபவர் யார்? ஓட்டலில் பாத்திரம் கழுவுபவர், கட்டட வேலை செய்பவர், பிறர் வீட்டைப் பெருக்குபவர். உழைக்கும் வயதினர், உழைக்கவும் செய்கின்றனர், ஆனால் இன்ஷூரன்ஸ் இல்லை. 2010-ல் வந்த புதிய சட்டத்தால் பல லட்சம் பேர் பயனடைந்தார்கள் என்பது உண்மையே. எனினும் மெடிகெய்டை விரிவாக்குவது அந்தந்த மாநிலத்தின் விருப்பம் என்று 2012-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. டெக்ஸாஸ் போன்ற மாநிலங்கள் அதை விரிவாக்காமலே விட்டுவிட்டன. 2023-ம் ஆண்டிலும் இரண்டரைக் கோடிப் பேருக்கு மேல் இன்ஷூரன்ஸ் இன்றியே இருந்தனர்.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். உயிருக்கு ஆபத்தான நிலையில் வருபவரைக் காசில்லை என்று ஆஸ்பத்திரிகள் திருப்பி அனுப்பக் கூடாது என 1986-ல் ஒரு சட்டம் செய்தார்கள். நல்ல சட்டம்தான். ஆனால் மாரடைப்பு வந்த இரவில்தான் அது கதவைத் திறக்கும். அதற்கு முன் பத்து வருடங்கள் தினமும் விழுங்கியிருக்க வேண்டிய இரத்தக் கொதிப்பு மாத்திரையை அது தராது. சர்க்கரை வியாதிக்காரர் இன்சுலின் வாங்க முடியாமல் நாளைத் தள்ளுவார். காலில் புண் வரும். காலையே எடுக்க நேரும். பிறகு வேலையும் போகும், குடும்பமும் தளரும். அவரால் கட்ட முடியாத பில்லின் பாரம் ஆஸ்பத்திரியின் மீதும், முடிவில் ஊரார் மீதும் இறங்கும். ஒருவர் வாங்காத மாத்திரைக்கு ஊரே விலை கொடுக்கிறது!

இந்த இடைவெளியில்தான் இலவச வைத்தியசாலைகள் நிற்கின்றன. 1967-ல் ஸான்பிரான்ஸிஸ்கோவில் டாக்டர் டேவிட் ஸ்மித் தொடங்கியது பேர் பெற்ற ஒன்று. 1994-ல் தென் கரோலினாவின் ஹில்டன் ஹெட் தீவில் டாக்டர் ஜாக் மக்கானல் என்பவர், ஓய்வு பெற்று வீட்டிலிருந்த டாக்டர்களைத் திரட்டி, அத்தீவில் இன்ஷூரன்ஸ் இன்றி வேலை செய்தவர்களுக்காக ஒன்றைத் திறந்தார். ஒரு பக்கம் வேலையில்லாத டாக்டர். மறு பக்கம் டாக்டர் இல்லாத வேலைக்காரர். இருவரையும் சந்திக்க வைத்ததே அவர் செய்த காரியம். இப்படிப்பட்ட வைத்தியசாலைகளில் பல, மாலை நேரத்தில் திறந்திருக்கும். அதனால் நோயாளிக்குப் பகல் கூலி போகாது. அதே நோயாளி மறுபடியும் வருவார், அவருடைய பழைய குறிப்பைப் பார்த்து மருந்தைக் கூட்டிக் குறைப்பார்கள். எல்லாவற்றிலும் பெரிய உதவி இதுதான் என்போம். புற்றுநோய் போன்ற பெரும் வியாதிகளுக்கோ அவர்களும் வேறு ஆஸ்பத்திரிகளின் தயவைத்தான் நாட வேண்டியிருக்கிறது.

நம் சமுதாயத்தவர் இதில் பின்தங்கவில்லை. 1992-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் தென்பகுதி கலவரத்தில் எரிந்தபின், அங்கு மருத்துவம் படித்த முஸ்லிம் மாணவர்கள் முயன்று 1996-ல் ‘உம்மா’ என்னும் வைத்தியசாலையைத் திறந்தார்கள். அதனால் பயனடைந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் முஸ்லிம்கள் அல்லர். அக்கம் பக்கத்தில் வசிக்கும் லத்தீன் அமெரிக்க இனத்தவரும் கறுப்பினத்தவருமே. பிற்காலத்தில் அது அரசாங்க உதவி பெறும் சுகாதார நிலையமாகவும் வளர்ந்தது.

இங்கே ஒரு மஸ்அலா எழுகிறது. இத்தகைய வைத்தியசாலைக்கு ஜகாத் பணத்தைக் கொடுக்கலாமா? ஜகாத்தை அதற்குரிய ஏழையின் கையில் உடைமையாக்குவது ஷர்த்து என்பது ஹனபி மத்ஹபின் சட்டம். ஆகவே கட்டடத்துக்கும் சம்பளத்துக்கும் அது செல்லாது. ஏழை முஸ்லிமிடம் மருந்தாக ஒப்படைத்தால் செல்லும். பரந்த பொருள் கொள்ளும் ஆலிம்களும் இருக்கிறார்கள். பேணுதலுக்குரியது முதற் கருத்தே. மாற்று மதச் சகோதரருக்கோ உபரியான ஸதகாவைத் தாராளமாகக் கொடுக்கலாம்.

ஆனால் ரமலானில் பெருகி ஷவ்வாலில் வற்றிவிடும் ஸதகாவை நம்பி மாதா மாதம் மாத்திரை கொடுக்க இயலாது. அதற்கு ஏற்றது வக்பு. ஹிஜ்ரி 683-ல் (கி.பி. 1284-85) எகிப்தின் சுல்தான் கலாவூன் கெய்ரோவில் கட்டிய வைத்தியசாலைக்கு நிலையான வருமானமுள்ள சொத்துக்களை வக்பு செய்தார். செல்வர், ஏழை என்ற பேதமின்றி அங்கே வைத்தியம் நடந்தது. குணமடைந்து வெளியேறுபவருக்கு உடுக்க உடையும், இறந்து போனவருக்குக் கபனும் அடக்கச் செலவும் அந்த வக்பிலிருந்தே கொடுக்கப்பட்டன.