விசேஷ வீட்டுக்கு விதவிதமாய் சோடா

பெங்களூர் ஒக்கலிபுரத்து வீட்டில் சீமந்தமோ பிறந்தநாளோ வந்தால், வரவேற்புப் பானத்துக்கு ஓட்டலைத் தேட வேண்டியதில்லை. நன்னாரி சர்பத், எலுமிச்சை, பெங்களூர் நீலத் திராட்சை, ஃபிரிட்ஜில் நாலைந்து சோடா பாட்டில் இருந்தால் போதும்.

குமிழி நிற்பதுதான் சூட்சுமம். 0 டிகிரி நீர் பிடித்துவைக்கும் கரியமில வாயுவில் ஏறக்குறையப் பாதியைத்தான் 20 டிகிரி நீர் தாங்கும். ஆகவே சோடாவை முதல் நாள் இரவே குளிரவைக்க வேண்டும். சர்பத்தும் தம்ளரும்கூட ஜில்லென்று இருக்கட்டும். உப்பையோ சர்க்கரையையோ சோடாவில் நேராகப் போட்டால் பொங்கி வழியும். எலுமிச்சைச் சாற்றிலேயே கரைத்துக்கொள்வது நல்லது.

2013-இல் புவிசார் குறியீடு பெற்ற பெங்களூர் நீலத் திராட்சையின் புளிப்பும் வாசனையும் சோடாவுக்கென்றே அமைந்தவை. அரைக் கிலோ பழத்தைக் கால் தம்ளர் நீரில் தோல் வெடிக்கும்வரை வேகவைத்து, கையால் மசித்து வடிகட்டி, 100 கிராம் சர்க்கரை சேர்த்து ஆறவைக்கலாம். மிக்சியில் அடித்தால் விதை உடைந்து கசக்கும். ஒரு பங்கு சாற்றுக்கு மூன்று பங்கு சோடா. கடை நன்னாரி சர்பத்தோ திகட்டும் இனிப்பு. ஒன்றுக்கு ஐந்தாகக் கலந்து எலுமிச்சை பிழிய வேண்டும்.

சோடா எப்போதும் கடைசியில், தம்ளரைச் சாய்த்து ஓரமாக. பெரிய பாட்டிலைத் திறந்தால் அடுத்த விருந்தினர் வருவதற்குள் கேஸ் போய்விடும். சிறிய பாட்டில்களே உகந்தவை.