வேலை கொடுத்தால் மட்டும் போதுமா?

கேள்வி: பலதரப்பட்டவர்களையும் வேலைக்குச் சேர்ப்பதால் நிறுவனத்துக்கு உண்மையிலேயே லாபம் உண்டா, இல்லை பெயருக்குத்தானா?
– வாசகர், திருப்பூர்

பதில்: லாபம் நிச்சயம் உண்டு. ஆனால் ஆளைச் சேர்த்ததோடு கடமை முடிந்தது என்று இருந்துவிட்டால் அந்த லாபம் கைக்கு வராது.

கொச்சி மெட்ரோவையே எடுத்துக்கொள்ளுங்கள். 2017-ல் அது திருநர் சமூகத்தினரைப் பணியில் அமர்த்தியபோது நாடே பாராட்டியது. டிக்கெட் கவுன்ட்டரில் அவர்கள் உட்கார்ந்திருந்த படங்கள் எல்லாப் பத்திரிகைகளிலும் வந்தன. ஆனால் கொஞ்ச நாளிலேயே சிலர் வேலையை விட்டார்கள். வேலை பிடிக்காமல் போகவில்லை. வாடகைக்கு வீடு தர ஆளில்லை. லாட்ஜுக்கு நாள் வாடகை கொடுத்தே சம்பளம் கரைந்தது. பயிற்சி பெற்றவர் போய்விட்டால் அந்தச் செலவும் உழைப்பும் நிர்வாகத்துக்குத்தானே நஷ்டம்? வீட்டுக்காரரிடம் நிர்வாகமே பேசி, முன்பணத்துக்குப் பொறுப்பேற்றால் ஆகும் செலவு அதைவிடக் குறைவு.

இன்னொன்று. சக்கர நாற்காலியில் வரும் ஊழியர் ஒருவர் இருந்தால், பில் போடும் மேசை எட்டாத உயரத்தில் இருப்பது முதல் நாளே தெரிந்துவிடும். சக்கர நாற்காலியில் வரும் வாடிக்கையாளர் வாசலோடு திரும்பிப் போயிருந்தால் நமக்குத் தெரிந்தே இருக்காது.

பெண்களைத் தக்கவைக்கச் சட்டமும் இருக்கிறது. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்தால் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்ற விதியை 2017-ன் மகப்பேறு சட்டத் திருத்தம் கொண்டுவந்தது. உங்கள் கம்பெனியில் பிரசவத்துக்குப் போன பெண்கள் எத்தனை பேர் திரும்பி வந்தார்கள் என்று பதிவேட்டைப் பாருங்கள். காப்பகம் எவ்வளவு தேவை என்பது அதிலேயே தெரியும்.