வள்ளத்தின் ஆட்டத்தை எண்ணுங்கள்

வாங்கிய நாளில் இருந்தபடியே வள்ளத்தை வைத்திருப்பவர்கள் நம்மிடையே மிகச் சிலர். அலைத் தண்ணீர் உள்ளே அடிக்கிறதென்று ஒருவர் பலகை வைத்து விளிம்பை உயர்த்துகிறார். இன்னொருவர் 8 குதிரைவலு இயந்திரத்தைக் கழற்றிவிட்டு 25 குதிரைவலு இயந்திரத்தைப் பூட்டுகிறார். எண்ணெய்ச் செலவுக்கு அஞ்சி வேறொருவர் பாய் கட்ட நினைக்கிறார். இவற்றில் எதுவும் தன்னளவில் தவறல்ல. ஆனால் மாற்றம் செய்யும் ஒவ்வொருவரும் ஒரு கேள்விக்கு விடை கண்ட பின்னரே கடலில் இறங்க வேண்டும். சாய்ந்த என் வள்ளம் முன்போல் நிமிர்ந்து வருமா?

விடை காண்பதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டியதில்லை. கைக்கடிகாரம் ஒன்று போதும்.

ஆட்டம் சொல்லும் செய்தி

காற்றும் அலையும் இல்லாத ஒரு காலை நேரத்தில் வள்ளத்தை அடி தட்டாத தண்ணீரில் விடுங்கள். கட்டிய கயிறு தளர்ந்திருக்கட்டும். இயந்திரம், எண்ணெய்க் கலன், வலை எல்லாம் தொழிலுக்குப் போகும்போது இருக்கும் இடத்திலேயே இருக்க வேண்டும். விளிம்பை ஒருவர் சில தடவை அழுத்தி, வள்ளத்தை ஆடவிட்டுக் கையை எடுக்கட்டும். இடப்பக்கம் சாய்ந்து, வலப்பக்கம் போய், மீண்டும் இடப்பக்கம் வருவது ஓர் ஆட்டம். இப்படி 4 ஆட்டங்களுக்கு எத்தனை வினாடி ஆகிறதென்று பார்த்து 4ஆல் வகுத்துக்கொள்ளுங்கள். மூன்று முறை செய்து பார்த்து, கிடைத்த எண்ணை வள்ளத்தின் உட்புறத்தில் மையால் எழுதி வையுங்கள்.

மாற்றம் செய்து முடித்தபின் அதே பாரத்துடன் மறுபடியும் எண்ணுங்கள். ஓர் ஆட்டத்துக்கு எடுக்கும் நேரம் கூடியிருந்தால் பாரம் மேலே ஏறிவிட்டது. நிமிரும் வலு குறைந்துவிட்டது என்பதே பொருள்.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். வெடுக்கு வெடுக்கென்று ஆடும் வள்ளம் உடம்பை அலைக்கழிக்கும். ஆனால் அது நிமிரும் வள்ளம். மெதுவாகச் சாய்ந்து, சற்றுத் தாமதித்து, சோம்பலுடன் திரும்பும் வள்ளம் இருப்பதற்குச் சுகமாயிருக்கும். அந்தச் சுகமே ஆபத்தின் அறிகுறி.

பாரம் எங்கே இருக்க வேண்டும்?

கனமானது கீழே, நடுவே, அசையாமல் இருக்க வேண்டும். ஐஸ் பெட்டியையும் எண்ணெய்க் கலனையும் அடித்தளத்தோடு சேர்த்துக் கட்டுங்கள். விளிம்பை உயர்த்தினால் அலைத் தண்ணீர் குறையும் என்பது உண்மை. ஆனால் பாரமும் உயரும், காற்றும் கூடுதலாகப் பிடிக்கும். வள்ளத்தினுள் தேங்கிய தண்ணீர் இன்னும் கொடியது. வள்ளம் எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கமே அதுவும் ஓடி, மேலும் சாய்க்கும். ஆகவே தண்ணீரை உடனுக்குடன் இறைத்துவிடுங்கள்.

பெரிய இயந்திரம் பூட்டினால் பின்பக்கம் தாழும். பல பைபர்கிளாஸ் வள்ளங்களில் இயந்திரம் பூட்டும் பின்பலகையின் உள்ளே ஒட்டுப்பலகை இருக்கிறது. பழைய ஆணித் துளைகளை றெசின் கொண்டு அடைக்காமல் விட்டால் அவற்றின் வழியே தண்ணீர் புகுந்து, வெளியே தெரியாமல் உள்ளே உக்கிவிடும்.

இன்னொன்று. கட்டுமரம் கவிழ்ந்தாலும் மிதக்கும், அது மரம். பைபர்கிளாஸ் தண்ணீரை விடக் கனமானது. வள்ளம் நிறைந்தபோதும் அதை மிதக்க வைப்பவை மூடிய காற்றறைகளும் உள்ளே அடைத்த நுரைப்பொருளுமே. சாமான் வைக்க இடம் வேண்டுமென்று அந்த அறைகளை வெட்டித் திறப்பவர், தம்மைக் காப்பாற்றும் ஒரே பொருளை வெட்டி எறிகிறார்.

பாய் கட்டுவோருக்கு

நம் நாட்டில் மீன்பிடி வள்ளங்களுக்கு இயந்திரம் பூட்டும் திட்டம் 1958இல் தொடங்கியது. அதற்குமுன் பாயும் தண்டுமே நம்மவர்களின் துணை. வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பல் 1938இல் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகம் வரை சென்றது. 2022 ஆகஸ்ட் மாதத்தில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஏறியபோது மறந்துபோன பாய் பலருக்கு நினைவுக்கு வந்தது. செலவு ஒருபுறமிருக்க, நடுக்கடலில் இயந்திரம் நின்றுவிட்டால் கரைசேர ஒரு வழி என்றும் இதைக் கருதலாம்.

18 அடி வள்ளத்துக்கு 60 முதல் 70 சதுர அடிப் பாய் போதும். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் பாயில் விழும் அழுத்தம் நான்கு மடங்காகும். மூன்று மடங்கானால் ஒன்பது மடங்காகும். ஆகவே பாயைச் சுருக்கிக் கட்டுவதற்கு ஒரு வரிசை சிறு கயிறுகளை முதலிலேயே தைத்துவிடுங்கள்.

பாய்மரம் உயரமின்றி இலேசாக இருக்கட்டும். முன்தலையிலிருந்து வள்ளத்தின் மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் அதை நிறுத்தலாம். அடித்தளத்தில் துளை போடாதீர்கள். அகன்ற வைரமரக் கட்டையொன்றில் குழி வெட்டி, அதைக் கண்ணாடி இழையும் றெசினும் கொண்டு அடியில் ஒட்டுங்கள். குறுக்குப் பலகையைப் பலப்படுத்தி, அதிலுள்ள துளை வழியாகப் பாய்மரத்தை இறக்கி அக்குழியில் நிறுத்துங்கள். இரு பக்க விளிம்புகளுக்கும் தாங்கு கயிறு கட்டுங்கள்.

அடி தட்டையான வள்ளம் பாய் விரித்தால் பக்கவாட்டில் வழுகும். கட்டுமரக்காரர் பலகை இறக்கி ஓடுவது இதைத் தடுக்கவே. நீங்களும் காற்று ஒதுங்கும் பக்கத்தில் ஒரு பலகையை நீருக்குள் இறக்கிக் கட்டுங்கள். முல்லைத்தீவுக் கரையில் சோளகம் வீசும்போது இயந்திரம் நின்றால் காற்று வெளிக்கடலுக்கே தள்ளும். பலகையில்லாத பாயும் அங்கேதான் கொண்டுபோகும். அவ்வேளையில் ஆழம் இடங்கொடுத்தால் நங்கூரம் போடுவதே புத்தி.

எல்லாவற்றிலும் முக்கியமான விதி இது: பாயின் கீழ்மூலையைப் பிடிக்கும் கயிற்றை ஒருபோதும் முடிச்சிட்டுக் கட்டாதீர்கள். ஒரு சுற்றுச் சுற்றிக் கையில் பிடித்திருங்கள். கடுங்காற்று வந்தால் கையை விடுங்கள். பாய் படபடக்கும், வள்ளம் நிமிரும். முடிச்சை அவிழ்க்கும் நேரத்தைக் கடல் தருவதில்லை.

முதல் ஓட்டத்தைப் பகலில், மெல்லிய காற்றில், உயிர்காப்பு அங்கி அணிந்து, பக்கத்தில் இன்னொரு வள்ளம் நிற்கச் செய்யுங்கள். பாய்மரம் ஏற்றிய பின்னும் ஆட்டத்தை எண்ண மறவாதீர்கள். கரையில் காத்திருப்பவர்களுக்கு நீங்கள் செய்யக்கூடிய கைம்மாறு, அந்தச் சில நிமிடக் கணக்கு.

உங்கள் துறையில் கூடிப் பேசுவதற்கு

1. சென்ற ஐந்து ஆண்டுகளில் உங்கள் வள்ளத்தில் என்னென்ன மாற்றங்கள் செய்தீர்கள்? அவற்றில் எது பாரத்தை மேலே ஏற்றியது?

2. காற்றறைகள் இன்றும் மூடியபடி உள்ளனவா?

3. நாளை நடுக்கடலில் இயந்திரம் நின்றால், கரைசேர வேறு என்ன வழி வைத்திருக்கிறீர்கள்?